மொட்டைமாடித் துளசியில் தேனீ: முதுகு தெளிவு, கண் மங்கல். மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆகணுமா?

துளசிமாடம்_சேலம் கேட்டது:

வணக்கம். வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். மொட்டைமாடியில் பதினாறு தொட்டி: துளசி நாலு, திருநீற்றுப்பச்சிலை ரெண்டு, கற்பூரவள்ளி, புதினா, பறிக்காமல் பூவுக்கு விட்ட கொத்தமல்லி, சோம்பு, கம்பில் ஏற்றிய தூதுவளை, இப்படி. கீழே தரையில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும். மருந்து எதுவும் அடிக்கிறதில்லை, அதனால் பூச்சிக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நல்ல படத்துக்குத்தான்.

கேமரா கேனான் 200டி. ஜூம் லென்ஸ் ரெண்டு: 18-55 மி.மீ., 55-250 மி.மீ. எஸ்டிஎம். தனி ஃப்ளாஷ் கிடையாது, கேமரா மேலேயே எழும்பி நிற்கிற பாப்-அப் மட்டும்.

துளசிக்கு வரும் நீலப்பட்டைத் தேனீயைக் காலை ஒன்பது மணிக்கு மேல், ஜூம் 250-இல், எஃப் 5.6 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/500 நொடி வைத்து எடுக்கிறேன். நூறு எடுத்தால் தொண்ணூறு ஆட்டம். மீதி பத்தில் முதுகு முடி எண்ணுகிற அளவுக்குத் தெளிவு, கண் மங்கல். ஃப்ளாஷ் போட்டால் படத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு நிழல், பின்னணி கன்னங்கரேல் என்று நடுராத்திரி மாதிரி. கொத்தமல்லிப் பூவில் மஞ்சள் பட்டை போட்டு வருவது தேனீயா ஈயா என்று எந்தப் படத்தை வைத்தும் முடிவு செய்ய முடியவில்லை. துளசி இலைக்கு அடியில் 3 மி.மீ. அளவில் கண்ணாடிச் சிறகோடு கூட்டமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது எந்த லென்ஸுக்கும் சிக்கவில்லை.

இதுக்கெல்லாம், சின்னதைக் கிட்டப் போய்ப் பெரிசா எடுக்கிற மேக்ரோ லென்ஸ்தான் மருந்தா, இல்லை இருக்கிறதை வைத்தே வழி உண்டா?

ஒன்றுக்குஒன்று சொன்னது:

லென்ஸ் வாங்குவதை ஓரமாக வையுங்கள். எந்தப் பூச்சிக்கு எவ்வளவு பெரிதாக்கம் வேண்டும் என்ற கணக்கு முதலில் வேண்டும்.

உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மி.மீ. உயிரளவு, அதாவது 1:1 என்றால் 22 மி.மீ. அகலமுள்ள காட்சி சட்டத்தை நிரப்பும். 55-250 எஸ்டிஎம் அதிகபட்சம் 0.29 மடங்கு தரும், அதாவது 77 மி.மீ. அகலம். எலுமிச்சையில் உட்காரும் பெரிய பட்டாம்பூச்சிக்கு அது போதும், கூடுதலாக எதுவும் வேண்டாம். 12 மி.மீ. தேனீக்கு அது போதாது. சட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். அதற்கு 0.8 முதல் 1 மடங்கு வேண்டும். 3 மி.மீ. பூச்சிக்கு 2 மடங்காவது வேண்டும்.

அடுத்து, கண் ஏன் மங்குகிறது? 0.29 மடங்கில் எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ மூன்றரை மி.மீ. பூச்சியின் நீளம் 12. ஆட்டோஃபோகஸ் எதைப் பிடிக்கும்? சட்டத்தின் நடுவில் பெரிதாக, முடியோடு தெரியும் முதுகைத்தான். தலை அந்த மூன்றரை மி.மீ.க்கு வெளியே போய்விடுகிறது. லென்ஸில் கோளாறு இல்லை. எஃப் எண் கூடினால் லென்ஸ் திறப்பு சுருங்கும், ஆழம் கூடும். எஃப் 11-க்கு மூடினால் ஆழம் ஏழு மி.மீ. வரும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 250-இல் கையில் பிடித்து எடுக்க 1/500-ம் குறைவு, இந்த நெருக்கத்தில் 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள். லென்ஸில் இருக்கும் ஆட்டத்தடுப்பு நெருக்கத்தில் பெரிதாக உதவாது. அதுவும் உங்கள் கை ஆடுவதற்குத்தான் உதவும், பூ ஆடுவதற்கு இல்லை.

இனி பெரிதாக்கத்துக்கு. 55-250 இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற ஒட்டு லென்ஸ். +8 டயாப்டர் (பெரிதாக்கும் திறனின் அளவு), கவ்வி மாதிரி இருக்கும், லென்ஸ் முகப்பில் அழுத்தி மாட்டலாம். உங்கள் லென்ஸின் 58 மி.மீ. வாய்க்குப் பொருந்தும். கணக்கு எளிது: லென்ஸ் ஃபோகஸை முடிவிலியில் வைத்தால், ஜூம் மி.மீ.யை 8-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பெரிதாக்கம். 125-இல் 1 மடங்கு, 250-இல் 2 மடங்கு. ஜூமை எங்கே வைத்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே 12 செ.மீ. சொச்சம் இருக்கும், அது மாறாது. ஜூம் ஏறத்தாழ 100-க்குக் கீழே இறங்கினால் மூலைகள் கறுக்கும். 12 செ.மீ. நெருக்கம் பயமாக இருந்தால் டிசிஆர்-150 உண்டு, +4.8. அதில் 20 செ.மீ. தள்ளி நிற்கலாம், ஆனால் ஜூம் 250-இலும் 1.2 மடங்குதான். தேனீ மட்டும் என்றால் டிசிஆர்-150. அந்த 3 மி.மீ. பூச்சியும் வேண்டும் என்றால் டிசிஆர்-250.

ஒரு நுணுக்கம், பலரும் இதில் தடுமாறுவார்கள். "மேக்ரோவில் எஃப் 11-க்கு மேல் போகாதே, படம் மழுங்கும்" என்று சொல்வார்கள். மேக்ரோ லென்ஸுக்கும் எக்ஸ்டென்ஷன் ட்யூபுக்கும் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) அது சரி, ஏனென்றால் 1:1-இல் அங்கே எஃப் 11 என்பது நடைமுறையில் எஃப் 22. ஒட்டு லென்ஸில் அந்த வெளிச்ச இழப்பு இல்லை, எஃப் 11 எஃப் 11-ஆகவே இருக்கும். அதற்கேற்ப ஆழமும் குறைவு: 1 மடங்கில் அரை மி.மீ. கூட இல்லை. எனவே ரேநாக்ஸோடு எஃப் 16 வரை தயங்காமல் மூடலாம்.

அரை மி.மீ.யில் ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். மேனுவலுக்கு மாற்றி, முடிவிலியில் வைத்து, ஜூமால் அளவைத் தீர்மானித்துவிட்டு வளையத்தைத் தொடாதீர்கள். முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டிக்கொண்டு, உடம்பை ஒரு நூல் முன்னே ஒரு நூல் பின்னே நகர்த்தி, கண் பளிச்சென்று வரும் நொடியில் அமுக்குங்கள். மூன்று நான்கு தொடர்ச்சியாக. பூச்சியின் பக்கவாட்டு சென்சாருக்கு இணையாக வரும்படி நின்றால் அந்த அரை மி.மீ.யிலேயே தலை முதல் வால் வரை அடங்கும். முக்கால்வாசிப் படங்கள் இந்தக் கோணத்தில்தான் தப்புகின்றன, ஃபோகஸில் இல்லை.

இப்போது ஃப்ளாஷ். அரைவட்ட நிழல் உங்கள் லென்ஸின் நிழலேதான். ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ரேநாக்ஸ் போட்டு ஜூம் நீண்டால் நிழல் இன்னும் மோசமாகும், ஆகவே ஒளியைப் பரப்பி முன்னே கொண்டுவர வேண்டும். டிவி, மிக்ஸி பெட்டியில் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட் ஒன்று எடுங்கள். ஏ4 அளவு. அடிப்பக்கத்திலிருந்து மூன்று விரல் மேலே, லென்ஸ் முகப்பு இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி மாட்டுங்கள். மேல்பகுதி ஃப்ளாஷுக்கு முன்னால் நிமிர்ந்து, நுனி பூச்சிப் பக்கம் லேசாக வளைந்து நிற்க வேண்டும். வளைவு நிற்காவிட்டால் பின்னால் ஒரு மெல்லிய கட்டுக்கம்பியை டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் குறையும். பூச்சி அவ்வளவு கிட்டே இருப்பதால் பாப்-அப்புக்கு அது பொருட்டே இல்லை. தொடக்கத்துக்கு: எம் மோடு, 1/200, எஃப் 13, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஃப்ளாஷ் ஈடு (ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2/3. ஷீட்டை இரண்டாக மடித்துப் போட்டால் வண்டு முதுகில் விழும் வெள்ளைப் பொட்டு இன்னும் மென்மையாகும்.

பின்னணி கறுப்பதற்குக் காரணம் தூரம். ஃப்ளாஷிலிருந்து பூச்சி இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கில் இருக்கும் பொருளுக்கு நாலில் ஒரு பங்கு வெளிச்சம், நாலு மடங்கில் இருந்தால் பதினாறில் ஒன்று. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் கைப்பிடிச் சுவருக்கு ஒன்றுமே போய்ச் சேராது. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வாழையிலைத் துண்டோ இன்னொரு தொட்டியோ வந்தால் பச்சைப் பின்னணி தானே கிடைக்கும்.

கடைசியாக: உச்சி வெயிலில் ஃப்ளாஷ் வேலை செய்யாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11 என்பதே முழு வெளிச்சம். அப்போது சூரியன் ஒரு படமும் ஃப்ளாஷ் ஒரு படமும் எழுதும், இறக்கை ஓரம் இரட்டையாகத் தெரியும். குடையை விரித்து நிழல் கட்டிவிட்டு எடுங்கள்.

ஏற்காட்டுப்பனி சொன்னது:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரிங்க. ஆனா ஒன்பது மணிக்கு மேல போய்ட்டு தேனீ ஆடுதுன்னா எப்படி? அது அதோட வேலை நேரம். தூங்கறப்ப போங்க.

நீலப்பட்டைத் தேனீ கூட்டில் கும்பலா வாழறது இல்ல. பொட்டைங்க மண்ணுலயோ மண்சுவத்துலயோ தனித்தனியா வளை தோண்டும். ஆண்களுக்கு வீடே கிடையாது. பொழுது சாயறப்ப ஒரு காய்ஞ்ச குச்சியையோ தண்டையோ தாடையால கவ்விக்கிட்டு, காலை மடக்கி, அப்படியே தொங்கிட்டுத் தூங்கும். நாலஞ்சு ஒரே குச்சியில வரிசையா இருக்கும். மறுநாளும் பெரும்பாலும் அதே குச்சிக்குத்தான் வரும். அதனால துளசியில காய்ஞ்சுபோன பழைய கதிரை எல்லாம் வெட்டி எறியாதீங்க, ரெண்டு மூணு விட்டு வைங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சுத்து சுத்தி எந்தக் குச்சின்னு மட்டும் பார்த்து வச்சுக்குங்க. டார்ச்சை நேரா அடிக்காதீங்க. விடியறப்ப வெயில் படறதுக்கு முன்னாடி ட்ரைபாட் போடுங்க. சேலத்துல மே மாசம்னா ஆறு மணிக்கு முன்னாடியே வெளிச்சம் வந்துடும், ஜனவரியில ஆறரை தாண்டணும். வெயில் குச்சியில விழுந்தா உடம்பை நடுக்கிச் சூடேத்திக்கும், அப்புறம் பறந்துடும்.

அசையாத பூச்சின்னா ஃப்ளாஷே தேவையில்ல. எஃப் 8, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/10 ஆனாலும் பரவாயில்ல, காத்து இல்லாம இருந்தாப் போதும். லைவ் வியூல பத்து மடங்கு பெருசாக்கி கண்ணுல ஃபோகஸ், ரெண்டு செகண்ட் டைமர். அடுக்குப் படம், அதாவது ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படத்தை ஒண்ணாச் சேர்க்கறது, பண்ணணும்னா இதுதான் நேரம். 1 மடங்கில் ரேநாக்ஸ் போட்டு எஃப் 8 வச்சா ஒரு படத்துக்கு ஒரு மி.மீ.ல மூணில் ஒரு பங்கு தெளிவு கிடைக்கும். கால் மி.மீ. கால் மி.மீ.யா நகர்த்தி முன்காலில் இருந்து பின்னிறக்கை வரைக்கும் இருபது படம் எடுங்க. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டேக்கர்னு ரெண்டு மென்பொருள் இருக்கு, எதுலயும் சேர்க்கலாம். நடுவுல தேனீ ஒரு தடவை மீசையை ஆட்டிட்டா அந்த அடுக்கு வீண், மறுபடி முதல்ல இருந்து எடுக்கணும்.

ஏற்காடு மேல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் கணக்கு மாறும். 1,500 மீட்டர் உயரத்துல காலை ரொம்ப நேரம் குளிரும், மூடுபனி விலகற வரைக்கும் பூச்சி எழாது. அது நல்லதுதான், ஆனா பனிக்குள்ள ஃப்ளாஷ் அடிச்சா காத்துல இருக்கற ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டா விழும். அங்க ஃப்ளாஷை மடக்கி வச்சிடுங்க. மூடுபனியே ஒளியைப் பரப்பற, வானம் அளவு பெரிய டிஃப்யூசர்தான். இன்னொண்ணு, மார்ச் ஏப்ரல்ல கோடை மழைக்கு அப்புறம் காபி பூக்கற அந்த மூணு நாலு நாள் உங்க ரோஸ்மேரியில ஒரு தேனீயைக்கூடப் பார்க்க முடியாது. எல்லாம் தோட்டத்துல இருக்கும். ஏன் வரலன்னு தொட்டியைக் குறை சொல்லாதீங்க.

லென்ஸுக்குள்ள பூஞ்சை வர்றதுதான் மலையில பெரிய செலவு. காத்துப் புகாத டப்பா, அதுல ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் நூறு கிராம், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். ஜெல் பச்சையானதும் அவன்ல 120 டிகிரி வச்சு, திரும்ப ஆரஞ்சு ஆகற வரைக்கும் சூடாக்கி மறுபடி போடலாம். அரிசியில போட்டு வைக்கிறதெல்லாம் வேண்டாங்க, தூசும் மாவும்தான் உள்ள போகும். கீழ சேலத்துலயும் ஏசி ரூம்ல இருந்து கேமராவை நேரா மாடிக்கு எடுத்துட்டுப் போனா கண்ணாடி வேர்க்கும். ஜிப் கவர்ல போட்டு அரை மணி நேரம் வெளிய வச்சுட்டு அப்புறம் திறங்க.

விரைவுவழி சொன்னது:

இவ்வளவு எதுக்கு? பூச்சியை டப்பாவில் பிடித்து ஃப்ரிட்ஜில் அஞ்சு நிமிஷம் வைத்தால் அசையாமல் உட்காரும். துளசி மேல் வைத்து எடுத்துக்கொள்ளலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இலையடி சொன்னது:

ஃப்ரிட்ஜ் யோசனை வேண்டாம். பூச்சிக்குச் செய்யும் கொடுமை ஒரு பக்கம், படமும் பொய்யாகத்தான் வரும். குளிரில் விறைத்த தேனீக்குக் கால்கள் உள்ளே சுருங்கியிருக்கும், உணர்கொம்பு தொங்கும், வெளியே எடுத்ததும் உடம்பு முழுக்க வேர்வை மாதிரி நீர் படியும். தண்டைப் பிடித்து நிற்க அதற்குத் தெம்பு இருக்காது, சும்மா வைத்த பொம்மை போலச் சாய்ந்து கிடக்கும். பூச்சி தெரிந்தவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். விடிகாலைக் குளிரில் தானே தூங்குவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

துளசிமாடம் கேட்ட மஞ்சள் பட்டைக்காரர் அநேகமாக மலர் ஈ. ஹோவர்ஃப்ளை என்பார்கள். கொத்தமல்லி, சோம்பு போன்ற குடைப்பூக்களில் தேன் மேலாகவே இருக்கும், குட்டை நாக்கு உள்ளதற்கும் எட்டும், அதனால் அங்கே இவற்றின் கூட்டம் அதிகம். அந்தரத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும், சட்டென்று ஒரு முழம் விலகும், திரும்ப அதே இடத்துக்கு வரும். படத்தில் பார்க்க வேண்டியவை: இறக்கை ஒரே சோடி, தேனீக்கு இரண்டு. உணர்கொம்பு குட்டையான முளை போல இருக்கும், தேனீக்கு முழங்கை மடித்த மாதிரி நீளமாக. தலை முழுக்கக் கண். பின்னங்காலில் மகரந்த உருண்டை இருக்கவே இருக்காது. மேலேயிருந்து முகத்தை எடுத்தால் ஆணா பெண்ணா என்றும் சொல்லலாம்: பெரும்பாலான வகைகளில் ஆணுக்கு இரு கண்ணும் உச்சியில் ஒட்டும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும்.

உங்கள் படங்களில் முடிவு செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் தெளிவு மட்டும் இருக்காது, கோணமும்தான். பூச்சியை இனம் காண ஒரு படம் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் நேராக ஒன்று, எந்தச் செடி என்று தெரிய சற்றுத் தள்ளி ஒன்று. பட்டாம்பூச்சி என்றால் இறக்கையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும். இனம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது செடியின் பெயரையும் எழுதுங்கள், பாதி வேலை முடிந்தது.

இலைக்கு அடியில் இருப்பது லேஸ் பூச்சி. துளசியிலும் திருநீற்றுப்பச்சிலையிலும் சாறு உறிஞ்சும் வகைக்கு கோக்ளோகைலா புல்லிட்டா என்று பெயர். இலை சுருண்டு பழுப்பாகி, அடியில் கரும்புள்ளிகள் (அதன் எச்சம்) இருந்தால் அதுவே. படமாக எடுக்க அருமையான பூச்சி. சிறகும் கழுத்துப் பட்டையும் சல்லடை போட்ட கண்ணாடி. நேர் வெளிச்சத்தில் அந்தச் சல்லடை தெரியாது, பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். இலையைக் காம்போடு மெல்லத் திருப்பி ஒரு துணிக் கிளிப்பில் நிறுத்தி, காலை வெயில் இலைக்குப் பின்புறம் விழும்படி தொட்டியைத் திருப்புங்கள். 2 மடங்கு, எஃப் 11. ஓடாது, இலையோடு இலையாக ஒட்டியே இருக்கும். எடுத்து முடித்த பிறகு செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் கிளையை நறுக்கிவிடுங்கள். வேப்பெண்ணெய் அடித்தே ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல், பொழுது சாய்ந்து, இலை அடியில் மட்டும். பூக்கதிரில் படக்கூடாது.

அசுவினியை மட்டும் ஒரு தொட்டியிலாவது விட்டு வையுங்கள். அசுவினி இருந்தால் அதன் நடுவே மலர் ஈ அரிசிக் குறுணை மாதிரி வெள்ளை முட்டை வைக்கும், அட்டை போன்ற புழு வந்து அசுவினியைத் தின்னும், பொறிவண்டும் அதன் முதலை மாதிரியான புழுவும் வரும், எறும்பு இனிப்புக்காகக் காவல் நிற்கும். அரை அடித் தண்டில் ஒரு மாதத்துக்கான படம் இருக்கிறது. சுத்தமான தோட்டத்தில் படம் கிடையாது.

தூதுவளையை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், அதுதான் உங்கள் மாடியிலேயே சுலபமான இடம். அதன் மகரந்தப்பை முழுசாகத் திறக்காது, நுனியில் ஊசித் துளைதான். நீலப்பட்டைத் தேனீயும் கரிய தச்சன் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும், மகரந்தம் பீச்சிக்கொண்டு வரும். உர்ர் என்ற சத்தம் மாறுவது காதுக்கே கேட்கும். அந்த ஓரிரு நொடி தேனீ வில்லாக வளைந்து ஒரே இடத்தில் நிற்கும். துளசியில் கால் நொடி கூட நிற்காது. எனவே தூதுவளையில் நன்றாக விரிந்த ஒரு பூவை முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருங்கள், சத்தம் கேட்டதும் அமுக்குங்கள். அடுக்குத்தேனீக்கும் கொம்புத்தேனீக்கும் இந்த வித்தை தெரியாது. முள் கவனம், சட்டைக் கையைப் பிடித்தால் செடியே ஆடும்.

கறிவேப்பிலை, எலுமிச்சையில் பறவை எச்சம் போல இருப்பது எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகியின் இளம் புழு. கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற கொம்பை நீட்டி நாற்றம் விடும். படத்துக்காகக் குச்சியால் குத்திக்குத்தி அதை வரவழைக்காதீர்கள். கூட்டுப்புழு இடுப்பில் ஒரு நூல் கட்டித் தண்டில் சாய்ந்திருக்கும், வெயில் காலத்தில் ஏறத்தாழ பத்து நாள். நிறம் இருண்டு உள்ளே இறக்கைக் கோலம் தெரிந்தால் மறுநாள் காலை வெளியே வரும். வந்ததும் இறக்கை விரிந்து உலர ஒரு மணி நேரம் ஆகும். பட்டாம்பூச்சி தானாக அசையாமல் போஸ் கொடுப்பது அப்போதுதான். அதற்கு உங்கள் 55-250 மட்டும் போதும்.

ஒரு பொறி: கறிவேப்பிலை அழகியின் பெண், உடம்பில் நஞ்சுள்ள ரோஜா வகைப் பட்டாம்பூச்சியைப் போல வேஷம் போடும். இறக்கையைப் பார்த்து ஏமாந்துவிடலாம், உடம்பைப் பாருங்கள். சிவப்பு உடம்பு என்றால் அசல் ரோஜா, கறுப்பு உடம்பு என்றால் வேஷம். அதனால் உடம்பும் தெளிவாக வரும்படி எடுங்கள்.

செல்ஃபோன்மட்டும் சொன்னது:

போனில் எடுப்பவர்களுக்கு ரெண்டே வரி. "மேக்ரோ" என்று தனியாக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவில் 2 மடங்கு வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, திரையில் பூச்சியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தை ஒரு புள்ளி குறைத்து, தொடர் படமாக எடுங்கள். கவ்வும் க்ளிப் லென்ஸ் மாட்டினால் ரெண்டு மூணு செ.மீ. வரை நெருங்க வேண்டும், அப்போது போன் நிழலே பூச்சி மேல் விழும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும்தான் அது உதவும்.

துளசிமாடம்_சேலம் சொன்னது:

எல்லாருக்கும் நன்றிங்க. ஹுட் மாட்டித்தான் இத்தனை நாள் எடுத்திருக்கேன், கழற்றியதும் நிழல் பாதி போச்சு. கொத்தமல்லிக்காரர் ஒரு சோடி இறக்கைதான், ஈயேதான். இரண்டு சந்தேகம். ஆடி பிறந்தால் எங்க மாடியில் தொட்டியே நகரும், அந்த நேரத்தில் கேமராவைப் பூட்டி வைத்துவிட வேண்டியதுதானா? அப்புறம், ரேநாக்ஸ் முதலிலா, தனி ஃப்ளாஷ் முதலிலா?

ஒன்றுக்குஒன்று சொன்னது:

அம்மியே பறக்கிற காற்றில் கொத்தமல்லிப் பூ எம்மாத்திரம். 1 மடங்கில் பூ ஒரு மி.மீ. அசைந்தாலே ஃபோகஸுக்கு வெளியே. ஆனாலும் பூட்ட வேண்டாம்.

காற்று அப்போது பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். எடுக்க வேண்டிய தொட்டியை முந்தின நாள் சாயங்காலமே மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, பூ சுவர் உயரத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள். மூன்றடிச் சுவரே பெரிய மறைப்பு. காற்று சுவர் தாண்டிச் சுழன்று இறங்கினால் தெர்மாகோல் பலகை ஒன்றைப் பக்கவாட்டில் சாத்துங்கள். வெள்ளைப் பலகை என்பதால் நிழல் பக்கத்துக்கு ஒளியும் திருப்பி அனுப்பும், ஒரே கல்லில் இரண்டு. தண்டுக்கு மூங்கில் குச்சி. குச்சியைத் தொட்டி மண்ணில் ஆழமாகக் குத்தி, பூவுக்கு நாலு விரல் கீழே துணிக் கிளிப்பால் தண்டையும் குச்சியையும் சேர்த்துக் கவ்வவும். இடையில் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு, இல்லாவிட்டால் கொத்தமல்லித் தண்டு நசுங்கும். குச்சி பூவைவிட உயரமாக நிற்கக்கூடாது, பின்னணியில் கோடாக விழும். அப்புறமும் அசைந்தால் ஃப்ளாஷை நம்பலாம். சக்தி குறைவாக எரியும்போது அதன் வெளிச்சம் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும், அசைவை அதுவே உறைய வைத்துவிடும். நிழல் கட்டி எடுக்கச் சொன்னதும் இதற்குத்தான்.

வாங்கும் வரிசை: முதலில் ஃபோம் ஷீட், காசு வேண்டாம். அதை மாட்டி 55-250-ஐ மட்டும் வைத்து பட்டாம்பூச்சி, கும்பிடுபூச்சி, தட்டான் எல்லாம் பழகுங்கள். பிறகு ரேநாக்ஸ். தனி ஃப்ளாஷ் கடைசி. பாப்-அப் ஒவ்வொரு முறையும் சார்ஜ் ஏற நேரம் எடுக்கும், கேமரா பேட்டரியையும் தின்னும். அது எரிச்சலாகும் அன்று வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் மேனுவல் ஃப்ளாஷே போதும். தூரம் மாறப்போவதில்லை, 1/16-இல் ஒருமுறை அளவு பார்த்து வைத்துவிட்டால் நாள் முழுக்க அதே அளவு.

ஏற்காட்டுப்பனி சொன்னது:

தொட்டியை நகர்த்தறப்ப ஒண்ணு கவனிங்க. தேனீ தூங்கற குச்சி அந்தத் தொட்டியிலேயே இருந்தா அதை மட்டும் நகர்த்தாதீங்க. சாயங்காலம் வந்து பழைய இடத்துல குச்சியைத் தேடும், இல்லன்னா வேற எங்கயாவது போயிடும். வேற தொட்டியை எடுத்துக்குங்க.